எட்டு மில்லி என்று எழுதினால் போதுமா?

மலையில் அங்குலம், சமவெளியில் மில்லிமீட்டர். இரண்டுக்கும் நடுவே போகும் வரைபடம் மரையின் முழுப் பெயரையும் சொல்லியாக வேண்டும்.

1987 மே மாதம். மூணாறு மலையில் கொழுந்து குவியும் காலம். நான் அப்போது பாலக்காட்டுக்குக் கிழக்கே கஞ்சிக்கோட்டில் ஒரு சிறிய பட்டறையில் டிராப்ட்ஸ்மேன். ஐந்து லேத், ஒரு ஷேப்பர், ஒரு டிரில்லிங் மெஷின், ஓரத்தில் என் வரைபலகை. மலையில் இருந்த ஒரு தேயிலைத் தொழிற்சாலையிலிருந்து ஒரு பையன் வந்தான். மறையூர், சின்னாறு, உடுமலைப்பேட்டை என்று பஸ் மாறி மாறி வந்திருந்தான். கிழிந்த துணியில் சுற்றி ஒரு போல்ட். "இதே மாதிரி நாற்பது வேணும் சார், அவசரம்" என்றான்.

வெர்னியரை வைத்தேன். விட்டம் 7.9 மில்லிமீட்டர். எட்டு மில்லி போல்ட் கொஞ்சம் தேய்ந்திருக்கிறது என்று தீர்மானித்து, தாளில் 'எம்8, நீளம் 45, எண்ணிக்கை 40' என்று எழுதினேன். இரண்டே நாளில் வேலை முடிந்து போல்ட்டுகள் மலையேறின.

அடுத்த வாரம் அந்தத் தொழிற்சாலையின் பிட்டரே நேரில் வந்தார். ஐம்பது வயதிருக்கும். கோபமாகப் பேசவில்லை. பையிலிருந்து என் போல்ட்டுகளை எடுத்து மேஜையில் வைத்தார். ரோலர் மெஷினின் கியர்பாக்ஸ் மூடியை ராத்திரி மாட்டியிருக்கிறார்கள். ஒவ்வொரு போல்ட்டும் ஒன்றரைச் சுற்று கையில் ஏறி, பிறகு நின்றுவிட்டது. துரு இருக்கும் என்று நினைத்து ஸ்பேனர் போட்டு இறுக்கியிருக்கிறார்கள். வார்ப்பிரும்பில் இருந்த பழைய மரை பொடிப்பொடியாக வெளியே வந்துவிட்டது. ஆறு துளைகள் பாழான பிறகுதான் நிறுத்தியிருக்கிறார்கள்.

ரோலர் இரண்டு நாள் நின்றது. பறித்து வாட்டிய கொழுந்து காத்திருக்காது. குறித்த நேரத்துக்குள் உருட்டாவிட்டால் குப்பைதான். இதில் எனக்கு இன்றும் உறுத்துவது ஒன்று உண்டு. மேலதிகாரி திட்டியது பிட்டரை. முரட்டுத்தனமாக இறுக்கி மெஷினைக் கெடுத்துவிட்டார் என்று அவர் பெயரில் எழுதி வைத்தார்கள். தாளில் 'எம்8' என்று எழுதியது யார் என்று யாரும் கேட்கவில்லை. அவரும் என்னைக் குற்றம் சொல்லவில்லை. "தம்பி, இது எட்டு மில்லி இல்லீங்க. ரெண்டரை நூல்" என்றார், அவ்வளவுதான்.

தமிழ்நாட்டுத் தச்சர், கொல்லர், வெல்டர் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஒரு அங்குலத்துக்கு எட்டு நூல். நாலு நூல் என்றால் அரை அங்குலம். ரெண்டரை நூல் என்றால் 5/16 அங்குலம், அதாவது 7.94 மில்லிமீட்டர். வீடு கட்டுகிற கம்பியில் எட்டு மில்லிக் கம்பியையே ரெண்டரை நூல் என்று கேட்டு வாங்குகிறோம். கம்பியில் அதனால் கேடில்லை. 0.06 மில்லிமீட்டர் வித்தியாசத்தைக் கான்கிரீட் கண்டுகொள்ளாது. மரை கண்டுகொள்ளும்.

எம்8 போல்ட்டின் வெளி விட்டம் தர அளவின்படியே 7.76-லிருந்து 7.97 மில்லிமீட்டர் வரை இருக்கலாம். 5/16 அங்குல போல்ட்டின் 7.94 அதற்குள்ளேயே அடங்கிவிடுகிறது. எனவே எத்தனை நல்ல வெர்னியராக இருந்தாலும் விட்டத்தை மட்டும் அளந்து இரண்டையும் பிரித்துச் சொல்லவே முடியாது. பிரித்துக் காட்டுவது மரைக்கும் மரைக்கும் உள்ள இடைவெளி. எம்8-க்கு அது 1.25 மில்லிமீட்டர். 5/16 விட்வொர்த் மரைக்கு அங்குலத்துக்கு 18 மரை, அதாவது 1.41 மில்லிமீட்டர். ஒரு சாதாரண ஸ்கேலை போல்ட்டின் மேல் வைத்துப் பத்து இடைவெளிகளை அளந்தால் முன்னது 12.5 மில்லிமீட்டர், பின்னது 14.1. பள்ளிக்கூடப் பையன்கூடக் கண்டுபிடித்துவிடலாம். நான் அந்தப் பத்து விநாடியைச் செலவழிக்கவில்லை. மரை இடைவெளியை அளக்கும் பிட்ச் கேஜ், லேத் ஆசானின் மேஜை டிராயரில்தான் இருந்தது.

மலையில் ஏன் இன்னும் அங்குலம்?

மூணாறு, தேவிகுளம் பகுதியின் வரலாற்றிலேயே பதில் இருக்கிறது. இங்கே தேயிலைத் தொழிற்சாலைகள் எழுந்தபோது இயந்திரங்கள் பிரிட்டனிலிருந்து வந்தன. பெல்பாஸ்ட் நகரின் டேவிட்சன் கம்பெனி செய்த 'சிராக்கோ' ட்ரையர்கள் இந்தியத் தேயிலை உலகம் முழுவதும் பிரசித்தம். 1902-ல் குண்டளைப் பள்ளத்தாக்கில் ஒற்றைத் தண்டவாள வண்டி ஓடியது. 1908-ல் அது குறுகிய பாதை ரயிலாயிற்று. டாப் ஸ்டேஷன் வரை ரயில், அங்கிருந்து ரோப்வே மூலம் தமிழகத்தின் கொட்டகுடி, பிறகு போடிநாயக்கனூர் என்று தேயிலைப் பெட்டிகள் இறங்கின. 1924 வெள்ளம் அந்த ரயில் பாதையை அடித்துக்கொண்டு போனது. ஆனால் இயந்திரங்கள் தங்கிவிட்டன. மூணாறு நல்லதண்ணி எஸ்டேட்டில் உள்ள தேயிலை அருங்காட்சியகத்தில் 1905-ஆம் ஆண்டு ரோலர் ஒன்றையும், கன்னிமலை எஸ்டேட்டில் 1920களில் மின்சாரம் எடுக்கப் பயன்பட்ட பெல்டன் சக்கரத்தையும் இன்றும் பார்க்கலாம். அந்தக் காலத்து பிரிட்டிஷ் இயந்திரம் என்றால் அதன் மரை விட்வொர்த் வழி வந்தது என்று எதிர்பார்ப்பதுதான் நியாயம்.

பிறகு 1940-ல் பள்ளிவாசல் நீர்மின் நிலையம் வந்தது. 1976-ல் கனடாவின் உதவியுடன் கட்டப்பட்ட இடுக்கித் திட்டம் மூலமட்டத்தில் மின்சாரம் தரத் தொடங்கியது. கனடா அப்போதுதான் மெட்ரிக் முறைக்கு மாறத் தொடங்கியிருந்த அங்குல நாடு. இன்று வாங்கும் மோட்டாரும் பம்பும் மெட்ரிக். ஆக, ஒரே மாவட்டத்துக்குள் மூன்று தலைமுறை மரைகள் இருக்க இடமுண்டு. அவற்றுக்கு உதிரி பாகம் செய்துதரும் லேத் பட்டறைகளோ கீழே கோவையிலும் கஞ்சிக்கோட்டிலும் இருக்கின்றன. மேலேயும் கீழேயும் பேச்சு நடப்பது ஒரு தாள் மூலம்தான்.

புரி என்று தமிழிலும் பிரி என்று மலையாளத்திலும் சொல்லும் இந்தச் சுழல் பள்ளத்துக்கு முதன்முதலில் நாடு தழுவிய ஒழுங்கு தேடியவர் ஜோசப் விட்வொர்த். 1841-ல் லண்டனில் சிவில் இன்ஜினியர்கள் சங்கத்தின் முன் தன் யோசனையை வைத்தார். பல பட்டறைகளிலிருந்து திருகுகளைச் சேகரித்து, சராசரி பார்த்து, மரையின் கோணம் 55 டிகிரி என்றும், ஒவ்வொரு விட்டத்துக்கும் அங்குலத்துக்கு இத்தனை மரை என்றும் வகுத்தார். 1864-ல் அமெரிக்காவில் வில்லியம் செல்லர்ஸ், சாதாரணத் தொழிலாளி செய்வதற்கு 60 டிகிரிதான் எளிது என்று வேறு முறை கொண்டு வந்தார். ஐரோப்பியக் கண்டம் மெட்ரிக் மரைக்குப் போனது. இரண்டாம் உலகப் போரில் நேச நாடுகளே ஒருவர் போல்ட்டை மற்றவர் பயன்படுத்த முடியாமல் திண்டாடிய பிறகு, 1948-ல் அமெரிக்கா, பிரிட்டன், கனடா மூன்றும் 'ஒருங்கிணைந்த மரை' என்று 60 டிகிரியில் ஒரு பொது முறைக்கு ஒப்புக்கொண்டன. 1965-ல் பிரிட்டனே விட்வொர்த்தைக் கைவிட்டு மெட்ரிக் மரையைத் தேர்ந்தெடுக்கும்படி தன் தொழில்துறைக்குச் சொன்னது. இந்தியாவில் 1956-ல் சட்டம் வந்து, 1958 அக்டோபர் முதல் படிப்படியாக மெட்ரிக் அளவுகள் நடைமுறைக்கு வந்தன. நம் தர நிர்ணய அமைப்பின் ஐ.எஸ். 4218 என்ற ஆவணம்தான் இன்று நமக்கு மெட்ரிக் மரையின் இலக்கணம்.

எல்லாம் சரி. ஆனால் சட்டம் மாறினால் வார்ப்பிரும்புத் துளைக்குள் வெட்டிய மரை மாறிவிடுமா?

ஏறினால் பொருத்தமா?

என் எம்8 கதை ஒரு விதத்தில் அதிர்ஷ்டம். தப்பான போல்ட் ஏற மறுத்தது. சுலபமாக ஏறிவிடும் தப்பான போல்ட்தான் அதைவிட ஆபத்து.

முக்கால் அங்குல போல்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். விட்டம் 19.05 மில்லிமீட்டர், அங்குலத்துக்கு 10 மரை, இடைவெளி 2.54 மில்லிமீட்டர். எம்20 நட்டின் இடைவெளி 2.5. வித்தியாசம் நூறில் நாலு மில்லிமீட்டர்தான். நட் வழுக்கிக்கொண்டு கடைசி வரை ஏறும். கொஞ்சம் ஆட்டம் இருக்கும், 'பழைய நட்' என்று விட்டுவிடுவார்கள். உள்ளே மரையும் மரையும் கடித்துக்கொண்டிருக்கும் ஆழம், இருக்க வேண்டியதில் மூன்றில் இரண்டு பங்குதான். அதிலும் இடைவெளி ஒத்துப்போகாததால் எல்லா மரையும் சுமையைப் பகிர்ந்துகொள்வதில்லை. சுமை வரும்வரை யாருக்கும் தெரியாது.

அரை அங்குலத்தில் இன்னொரு பொறி. விட்வொர்த்துக்கு அங்குலத்துக்கு 12 மரை, அமெரிக்க வழி மரைக்கு 13. ஆனால் கால் அங்குலம், 3/8, 5/8, முக்கால், ஒரு அங்குலம் இவற்றிலெல்லாம் இரண்டுக்கும் எண்ணிக்கை ஒன்றே. கோணம் மட்டும் 55-க்கும் 60-க்கும் வேறு. ஒன்றில் மற்றொன்று ஏறியும் விடும். அந்த அளவுகளில் பழகிய கை 'எல்லாம் ஒன்றுதான்' என்று முடிவு கட்டி, அரை அங்குலத்தில் மாட்டிக்கொள்ளும்.

கண்ணால் ஒப்பிட்டு எடுப்பதன் விலை என்ன என்பதற்கு உலகறிந்த சாட்சி ஒன்று உண்டு. 1990 ஜூன் 10 அன்று பர்மிங்காமிலிருந்து ஸ்பெயினின் மலகா நகருக்குப் புறப்பட்ட பிரிட்டிஷ் ஏர்வேஸ் 5390 விமானத்தின் முன் கண்ணாடி, 17,300 அடி உயரத்தில் பிய்த்துக்கொண்டு போனது. கேப்டனின் பாதி உடல் வெளியே இழுக்கப்பட்டது. சிப்பந்திகள் அவர் கால்களைப் பிடித்துக்கொண்டிருக்க, துணை விமானி சவுதாம்ப்டனில் இறக்கினார். அதிசயமாக அனைவரும் பிழைத்தார்கள். 27 மணி நேரம் முன்புதான் அந்தக் கண்ணாடியை மாற்றியிருந்தார்கள். பூட்டிய 90 போல்ட்டுகளில் 84, விட்டத்தில் 0.026 அங்குலம் குறைவு. மீதி ஆறு நீளம் குறைவு. மெலிந்த போல்ட்டுக்கும் சரியான போல்ட்டுக்கும் அங்குலத்துக்கு 32 மரைதான். அதனால் அது நட்டில் ஏறியது. பழைய போல்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு கண்ணால் பார்த்துப் புதியதை எடுத்திருந்தார்கள். கையேட்டில் எண்ணைப் பார்த்து எடுக்கவில்லை.

இதைப் படித்தபோது எனக்கு அந்தக் கிழிந்த துணியும் உள்ளிருந்த போல்ட்டும் ஞாபகம் வந்தன. நான் செய்ததும் அதுவேதான். விமானம் இல்லை, கியர்பாக்ஸ். அந்த வித்தியாசம் என் சாமர்த்தியத்தால் வந்ததல்ல.

மாற்றக் கூடாத அளவு

வரைபடத்தில் மற்ற அளவுகளை அங்குலத்திலிருந்து மில்லிமீட்டருக்கு மாற்றலாம். 4 அங்குல நீளத்தை 101.6 மில்லிமீட்டர் என்று எழுதினால் ஒரு தப்பும் இல்லை. மரையை மட்டும் அப்படி மாற்றக் கூடாது. 'அரை அங்குல விட்வொர்த்' என்பதை '12.7 மி.மீ. மரை' என்று எழுதினால் லேத்காரருக்கு ஒன்றும் புரியாது. அப்படி ஒரு மரை எந்தப் பட்டியலிலும் இல்லை. அவர் தனக்குத் தோன்றியபடி எம்12 என்று எடுத்துக்கொள்வார். 'அரை அங்குல விட்வொர்த்' என்பது ஒரு பெயர். அந்தப் பெயருக்குள் விட்டம், இடைவெளி, கோணம், முனையின் வளைவு எல்லாம் அடக்கம். அளவை மட்டும் மாற்றினால் மற்ற மூன்றும் தொலைந்துபோகும்.

இதற்கு நல்ல முன்னுதாரணமும் உண்டு. 1940-ல் ரோல்ஸ்-ராய்ஸ் கம்பெனியின் மெர்லின் விமான எஞ்சினை அமெரிக்காவில் செய்யும் பொறுப்பை பேக்கார்ட் கார் கம்பெனி ஏற்றது. பிரிட்டிஷ் வரைபடங்களை அமெரிக்க முறைக்கு மாற்றித் திரும்ப வரைந்தார்கள். ஆனால் மரைகளைத் தொடவில்லை. பிரிட்டிஷ் மரைகளை அப்படியே வைத்துக்கொண்டு, அதற்கான டேப்பும் டையும் தாங்களே செய்துகொண்டார்கள். போர்முனையில் எஞ்சினைக் கழற்றும் மெக்கானிக்குக்கு, அது எந்தக் கரையில் செய்தது என்று யோசிக்க வேண்டிய அவசியமே வரக் கூடாது என்பதுதான் கணக்கு.

பட்டறையின் கைத்திறனில் குறையே இல்லை. அங்குல லீட் ஸ்க்ரூ உள்ள பழைய லேத்தில்கூட மில்லிமீட்டர் மரை வெட்டலாம். அதற்கு 127 பல் உள்ள ஒரு சக்கரம் போதும். ஒரு அங்குலம் சரியாக 25.4 மில்லிமீட்டர். அதன் ஐந்து மடங்கு 127. அந்த ஒரு சக்கரத்தை மாட்டினால் லேத் இரண்டு முறையிலும் வேலை செய்யும். எந்த முறை வேண்டும் என்று சொல்ல வேண்டியது தாள்தான். நான் தந்த தாள் அதைத் தப்பாகச் சொன்னது.

அப்படியானால் தாளில் என்ன எழுத வேண்டும்?

முதலில் முறையின் பெயர். எம், பி.எஸ்.டபிள்யூ., யு.என்.சி. எதுவானாலும் பெயர் இல்லாமல் எண் மட்டும் எழுதக் கூடாது. இரண்டாவது, மரை இடைவெளி. மெட்ரிக்கில் சாதாரண மரைக்கு இடைவெளியை எழுதாமல் விடலாம் என்று விதி அனுமதிக்கிறது. எம்12 என்றால் 1.75 என்று பொருள். ஆனால் எம்12-க்கு 1.5, 1.25 என்று நுண்மரைகளும் உண்டு. இரண்டு முறைகளும் புழங்கும் இடத்தில் அந்தச் சலுகையைப் பயன்படுத்தாமல் 'எம்12 × 1.75' என்று முழுசாக எழுதிவிடுவதே நல்லது. அங்குல மரை என்றால் அங்குலத்துக்கு எத்தனை என்ற எண்ணும் சேர வேண்டும்.

மூன்றாவது, பொருத்தத்தின் தரம். மெட்ரிக்கில் துளைக்குள் வெட்டும் மரைக்கு '6 ஹெச்' என்று பெரிய எழுத்திலும், போல்ட்டின் மரைக்கு '6 ஜி' என்று சின்ன எழுத்திலும் குறிப்பது பொது வழக்கம். இதை விட்டுவிட்டால் எவ்வளவு இறுக்கம், எவ்வளவு தளர்வு என்பது செய்பவர் விருப்பம். துத்தநாக முலாம் பூசுகிற போல்ட் என்றால் அந்த அளவு முலாமுக்கு முன்னா பின்னா என்றும் சொல்ல வேண்டும். முலாமின் கனம் மரையின் இடத்தைச் சாப்பிடும்.

நான்காவது, இடதா வலதா. சைக்கிளின் இடது பெடலுக்கு இட மரை. வெல்டிங் கடையில் ஆக்ஸிஜன் இணைப்புக்கு வல மரை, அசிட்டிலினுக்கு இட மரை. இரண்டும் மாறிப்போனால் உயிர் போகும் என்பதற்காகவே அந்த ஏற்பாடு. இட மரை என்றால் தாளில் சொல்லியே ஆக வேண்டும். சொல்லாவிட்டால் வலம் என்றே வெட்டுவார்கள். ஐந்தாவது, முடிவடையும் துளை என்றால் துளையின் ஆழம் வேறு, மரையின் ஆழம் வேறு. இரண்டையும் தனித்தனியாக எழுதாவிட்டால் டேப் அடியில் முட்டி உடையும்.

கடைசியாக, எந்த விதிப் புத்தகமும் வற்புறுத்தாத, ஆனால் அனுபவம் வற்புறுத்தும் ஒன்று. 'அளவுகள் அனைத்தும் மில்லிமீட்டரில்' என்று ஓரத்தில் அச்சடித்த தாளில் அங்குல மரை ஒன்று இருந்தாலும், அதைத் தனிக் கட்டத்தில் எடுத்து எழுதுங்கள். 'பழைய இயந்திரத்தில் உள்ள விட்வொர்த் துளைக்குப் பொருந்த' என்று எதனோடு சேரப்போகிறது என்பதையும் சொல்லுங்கள். காரணம் தெரிந்த லேத்காரர் சந்தேகம் வந்தால் கேட்பார். காரணம் தெரியாதவர் தாளைத் 'திருத்தி' விடுவார்.

அங்குலத்தை ஒழித்துவிடலாமா?

'எல்லாவற்றையும் மெட்ரிக்காக மாற்றிவிட்டால் தொல்லை தீர்ந்தது' என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் தங்கள் வீட்டுக் குளியலறைக்குப் போய்ப் பார்க்கட்டும். அங்கே இருப்பது 'அரை இஞ்ச்' குழாய். அதன் வெளி மரையின் விட்டம் அரை அங்குலமான 12.7 மில்லிமீட்டரா? இல்லை, 20.955 மில்லிமீட்டர். பழங்காலக் குழாயின் உள் துவாரத்தை வைத்து வந்த பெயர் அது. இன்று அது ஒரு அளவே இல்லை, வெறும் பெயர். சர்வதேசத் தரமும் நம் ஐ.எஸ். 554, ஐ.எஸ். 2643 ஆவணங்களும் இந்த பிரிட்டிஷ் குழாய் மரையை அதன் அங்குலப் பெயரோடுதான் வைத்திருக்கின்றன. 2009-ஆம் ஆண்டு எடையளவுச் சட்டத்துக்குப் பிறகும் நம் வீட்டுக் குழாய் அரை இஞ்ச்தான்.

அதிலும் கிளைகள் உண்டு. நேர் மரையானால் 'ஜி', கூம்பு மரையானால் 'ஆர்'. தொழிற்சாலைகளில் காற்று அழுத்தத்தால் இயங்கும் கண்ட்ரோல் வால்வுகளில் உலகமெங்கும் அதிகம் காண்பது அமெரிக்கக் குழாய் மரையான என்.பி.டி. அரை அங்குலத்தில் பிரிட்டிஷ் மரைக்கும் இதற்கும் அங்குலத்துக்கு 14 என்று ஒரே எண்ணிக்கை. கோணம் மட்டும் 55, 60 என்று வேறு. இரண்டும் ஒன்றில் ஒன்று ஏறும். டேப் சுற்றினால் கொஞ்ச நாள் ஒழுகாமலும் இருக்கும். 'அரை இஞ்ச் மரை' என்று மட்டும் எழுதிய வரைபடம் அந்த ஒழுகலைத் தாளிலேயே தொடங்கி வைக்கிறது. கண்ட்ரோல் வால்வு செய்யும் இன்ஸ்ட்ருமென்டேஷன் தொழிற்சாலை அமைந்த பாலக்காட்டில் இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை.

பழைய இயந்திரத்தின் துளைகளைப் பெரிதாக்கி மெட்ரிக் மரை வெட்டுவதும் ஒரு வழிதான். ஆனால் 5/16 துளையை எம்8 ஆக்க முடியாது. பழைய மரையின் தடம் குறுக்கிடும். எம்10-க்குப் போக வேண்டும். நூறு வருட வார்ப்பில் அதற்குச் சுவர்க் கனம் இருக்குமா என்று பார்க்க வேண்டும். அதைவிட மோசம் பாதி மாற்றம். ஒரே மூடியில் ஆறு துளை எம்10, மீதி விட்வொர்த் என்றிருந்தால் அடுத்த பிட்டருக்கு அது கண்ணிவெடி. மாற்றினால் ஒரு மூடி முழுவதையும் மாற்றுங்கள். மாற்றியதை வரைபடத்திலும் மெஷின் மேலும் குறித்து வையுங்கள். முடியாவிட்டால் அப்படியே விட்டு, பெயரைச் சரியாக எழுதுங்கள்.

இன்று வரைபலகை போய்விட்டது. கம்ப்யூட்டரில் துளை என்று தேர்ந்தெடுத்தால் எந்த முறை மரை என்று அதுவே ஒரு பட்டியலை நீட்டுகிறது. ஆனால் எதையும் தேர்ந்தெடுக்காமல் அடுத்த பொத்தானை அழுத்தினால், தன்னிடம் முதலில் உள்ளதைப் போட்டுவிடுகிறது. நான் வெர்னியரை நம்பிய இடத்தில் இன்றைய இளைஞர் திரையை நம்புகிறார். தொழிற்பயிற்சி மாணவருக்கு எம் வரிசையைக் கற்றுக்கொடுப்பது அவசியம். கூடவே விட்வொர்த் போல்ட் ஒன்று, யு.என்.சி. ஒன்று, குழாய்த் துண்டு ஒன்று கையில் கொடுத்து 'இது என்ன, எழுது பார்க்கலாம்' என்று ஒரு நாள் செலவிட்டால் போதும். பிட்ச் கேஜின் விலை ஒரு வேளைச் சாப்பாட்டுச் செலவுக்கு மேல் அதிகம் போகாது.

அந்த ஆறு துளைகளையும் நாங்கள் புஷ் வைத்துச் சரி செய்துகொடுத்தோம், கூலி வாங்காமல். நாற்பது போல்ட்டுகளையும் 5/16 விட்வொர்த்தில் மறுபடி செய்தோம். தவறு என்னுடையது என்று முதலாளியிடம் சொல்லி ஒரு கடிதமும் எழுதி வாங்கி பிட்டரிடம் கொடுத்தேன். அது அவர் பெயரில் இருந்த பழியைத் துடைத்ததா என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

சில வருடம் கழித்து அந்தத் தொழிற்சாலைக்கு ஒரு அளவெடுப்புக்காகப் போனேன். அவருடைய மூலையில் மூன்று பிஸ்கட் டின்கள் இருந்தன. ஒன்றில் சிவப்புப் பெயின்ட், ஒன்றில் பச்சை, ஒன்றில் வெள்ளை. சிவப்பு பழைய இங்கிலீஷ் மரை, பச்சை மில்லிமீட்டர், வெள்ளை குழாய் சாமான். மெஷின்களின் மூடியிலும் அதே நிறத்தில் ஒரு பொட்டு. அவருக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. "இப்ப புதுசா வர்ற பையன்கூட மாத்திப் போட மாட்டான் தம்பி" என்றார்.

பிட்ச், கோணம் என்ற வார்த்தையெல்லாம் இல்லாமலே, வரைபடம் செய்ய வேண்டிய வேலையை அந்த மூன்று டின்கள் செய்துகொண்டிருந்தன. அன்று ஊர் திரும்பியதும் என் வரைபலகைக்கு மேல் ஒரு பிட்ச் கேஜை ஆணியடித்து மாட்டினேன். அதற்குப் பிறகு 'எம்' என்ற எழுத்தை, மரையை எண்ணிப் பார்க்காமல் நான் எழுதியதில்லை.